அத்தை உட்கார்ந்தால் பாஸ்

பொய் சொல்வானேன், அன்று காலை சோதனைக்காரர் வந்து இறங்குவதற்குள் நான் மூன்று தடவை பாத்ரூம் போய்விட்டேன். பரீட்சை எனக்கில்லை, வீட்டுக்குத்தான். ஆனால் அந்த வீட்டின் ஒவ்வொரு மூட்டிலும் முட்டி தேயத் தேய உட்கார்ந்து டேப் ஒட்டியவள் நான்.

நான் தச்சு வேலைக்காரி. மரச்சட்டம் அடித்து வீடு கட்டுவது என் தொழில். என் வீட்டுக்காரர் கணக்குப் போடுகிறவர். ஒரு வீட்டுக்குள் எந்த வழியாக எவ்வளவு சூடு வருகிறது, எந்த வழியாக எவ்வளவு சூடு கம்பி நீட்டுகிறது என்று தாள் தாளாக எழுதிக் கொடுப்பார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்தது போதும் என்று, இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்து, எங்களுக்கென்று ஒரு சின்ன வீட்டைக் கட்டி முடித்திருந்தோம். அதில் பாய்லர் கிடையாது, ஹீட்டர் கிடையாது, புகைபோக்கி கிடையாது. வெளியே பனி கொட்டினாலும் வெயில் சூடு, அடுப்புச் சூடு, ஆள் சூடு இந்த மூன்றையும் உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டால் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. பிடித்து வைப்பது என் வேலை. எங்கேயும் ஓர் இண்டு இடுக்கு இருக்கக் கூடாது.

சொந்த வீடுதானே, இதில் என்ன பதற்றம் என்று கேட்பீர்கள். பதற்றமெல்லாம் அத்தையால்தான்.

அத்தை என்றால் என் மாமியார். எண்பது குடித்தனம் இருக்கிற ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், முப்பத்து நான்கு வருஷம் பாய்லர் ஆப்பரேட்டர். அந்த வேலைக்கு வந்த ஒரே பெண்பிள்ளை அவர்தான் என்பதை வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வார். ஓய்வு பெற்ற பிறகும் அதே கட்டடத்தில், பாய்லர் அறைக்கு நேர் மேலே இருக்கிற இரண்டு அறையில் தனியாக இருந்தார். சுவரெல்லாம் வியர்க்கும். பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் இருமி இருமி விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னொரு குளிர்காலம் இந்த வீட்ல வேண்டாம்மா" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அத்தை அசைந்து கொடுத்தால்தானே? "பாய்லர் இல்லாத வீட்ல எனக்கு என்ன வேலை? காலை நீட்டிட்டு சுவத்தைப் பாத்துட்டு உக்காரவா?" என்பார். நானும் அவர் மகனும் மாற்றி மாற்றிக் கெஞ்சினோம். கடைசியில் ஒரு நாள் இறங்கி வந்தார்.

"உங்க ரெண்டு பேர் வாயையும் நான் நம்ப மாட்டேன். மீட்டர் சொல்லட்டும். அந்தக் காத்து சோதனையில உங்க வீடு பாஸ் ஆச்சுன்னா பெட்டியைக் கட்டறேன். ஃபெயில் ஆச்சுன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கவே கூடாது."

நானும் வீராப்பாகத் தலையாட்டிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான்.

எனக்கு அத்தையைப் பிடிக்கும். அதுதான் விஷயம். என் ஜோக்குக்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற ஒரே ஆள் அவர். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் ஒரு ஜோக்கைச் சொன்னால் அது எப்படிச் சாத்தியம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

சோதனை என்ன என்றால், வாசற்கதவைத் திறந்து வைத்து அந்த இடத்தை ஒரு சிவப்புத் துணியால் இறுக்க மூடுவார்கள். துணியின் நடுவில் ஒரு பெரிய ஃபேன். அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுக்கும். இழுக்க இழுக்க, எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே புகும். எவ்வளவு புகுகிறது என்பதை மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் இருக்கும் மொத்தக் காற்றில், ஒரு மணி நேரத்தில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் மாறக் கூடாது. பூஜ்யம் புள்ளி ஆறு. அதைத் தாண்டினால் ஃபெயில். சாதாரண வீடுகள் ஐந்து, பத்து என்று ஒழுகிக்கொண்டிருக்கும்.

இந்தச் சோதனைக்காரருக்கு எங்கள் தொழிலில் 'புள்ளி' என்று பட்டப்பெயர். எந்த அளவைச் சொன்னாலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் சொல்லாமல் விடமாட்டார். எத்தனை சர்க்கரை என்று கேட்டால்கூட "ஒன்று புள்ளி ஐந்து பூஜ்யம்" என்பார். பத்து வருஷமாக அவரை எனக்குத் தெரியும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, பார்த்ததாகச் சொன்ன ஆளையும் பார்த்ததில்லை.

அன்று அத்தையும் வந்திருந்தார். கறுப்புக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஹாலில் தன்னுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலிக்கு ஒரு கதை இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் திரைத்துணி கொண்டு வருகிற வண்டிக்காகக் காத்திருக்க ஆள் இல்லாமல், அத்தையை ஒரு பகல் முழுக்க அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போயிருந்தோம். சாயங்காலம் வந்து பார்த்தால், அவருடைய உயரமான பஞ்சு மெத்தை நாற்காலி, பழைய வீட்டிலிருந்து வண்டியேறி, ஹாலின் வடக்குச் சுவரை ஒட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது!

"நான் வருவேனோ மாட்டேனோ, நாற்காலி முதல்ல வரட்டும். இந்த இடத்தை விட்டு எவனாவது நகர்த்தினா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றார். நாற்காலி வந்தால் ஆள் வருவார் என்று எங்களுக்கு ஒரே குஷி. அன்று என் துளைபோடும் கருவிப் பெட்டியில் பெரிய வட்ட ரம்பம் இடம் மாறிக் கிடந்தது. அதற்காக என் வீட்டுக்காரரைக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினேன். அவர் பாவம், தான் தொட்டிருக்க வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

புள்ளி சிவப்புத் துணியைக் கட்டி முடித்தார். பிறகு வீட்டுக்குள் காற்று வந்து போகிற நான்கு வட்ட வாய்களையும், இது சோதனை விதி என்று சொல்லி, டேப் போட்டு அடைத்தார். அதை அத்தை உற்றுப் பார்த்ததை நான் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினார். எனக்கு இருந்த படபடப்பில் அதை மனதில் வாங்கவில்லை.

ஃபேன் சுற்றத் தொடங்கியது. சிவப்புத் துணி ஊருக்குள் புகுந்த யானையின் வயிறு மாதிரி உள்ளே உப்பியது. என் காது அடைத்தது. புள்ளி கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார், இரண்டு நிமிஷம் பார்த்தார். மனிதனை இப்படியா வதைப்பது?

"பூஜ்யம் புள்ளி ஐந்து ஆறு" என்றார்.

நான் போட்ட கூச்சலில் ஃபேன் சத்தமே அமுங்கிவிட்டது. என் வீட்டுக்காரரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். நான் தச்சு வேலைக்காரி, அவர் கணக்குக்காரர், எங்கள் வீட்டில் தூக்குவது நான்தான். "ஐயோ இடுப்பு, இடுப்பு" என்று அவர் கத்தினார்.

"இது முதல் பார்வைதான் மேடம்" என்றார் புள்ளி. "இனிமே வரிசையா பத்து ரீடிங் எடுக்கணும். பத்தும் சேர்ந்துதான் முடிவு."

"எடுங்க சார், நூறு எடுங்க!" என்றேன்.

"அப்போ நான் எல்லாருக்கும் டீ போடறேன்" என்று அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார்.

புள்ளியின் புருவம் மேலே ஏறியது. "பூஜ்யம் புள்ளி ஏழு எட்டு."

"என்னது?"

"ஏழு எட்டு, மேடம்."

ஒரு நிமிஷத்தில் எங்கிருந்து ஓட்டை வரும்? மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தோம். புள்ளி ஒரு புகைக்குச்சியைப் பற்றவைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போனார். காற்று புகுகிற இடத்தில் அந்தப் புகை நடுங்கிக் காட்டிக் கொடுக்கும். நான் ஏணியில் ஏறி மேல்மூட்டுகளைத் தடவினேன். என் வீட்டுக்காரர் பாத்ரூமுக்குள் ஓடி, கை கழுவும் தொட்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டார். வெளியே அவருடைய பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

அத்தை டீயோடு வந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, "என்னடி இப்படிக் குரங்கு மாதிரி ஏறிட்டு இருக்கே?" என்றார்.

"ஐந்து ஆறு!" என்று புள்ளி கத்தினார்.

"நான்தான்! நான்தான்!" என்று பாத்ரூமிலிருந்து குரல் வந்தது. "குழாய் மூடியைத் திருகினேன், சரியாயிடுச்சு!"

"உங்க மூஞ்சி. நான் இந்த மூட்டை அமுக்கினேன், அதனாலதான்" என்றேன் நான் ஏணியிலிருந்து.

யார் சாதித்தது என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டே டீ குடித்தோம். அத்தை எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

"ஏழு எட்டு" என்றார் புள்ளி.

இப்படியே ஒரு மணி நேரம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. நான் எதையாவது அமுக்குவேன், எண் இறங்கும். சத்தம் போட்டுக் குதிப்பேன், எண் ஏறும். என் வீட்டுக்காரர் வெளியே காற்று அடிக்கிறதா என்று பார்க்கப் பின்கட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். உடனே சிவப்புத் துணி படபடவென்று அடித்துக்கொள்ள, மீட்டர் தாறுமாறாக எகிற, புள்ளி முதல் தடவையாகப் புள்ளி இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

கண்டுபிடித்தவரும் புள்ளிதான். புகைக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ தன் மானமே போகிறாற்போல மெதுவாகச் சொன்னார்.

"நான் இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். எனக்கு இந்த மாதிரி விஷயத்துல நம்பிக்கை கிடையாது. ஆனா அம்மா உக்காந்தா குறையுது. எழுந்தா ஏறுது."

நாங்கள் மூவரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, எங்க எழுந்திருங்க" என்றார் மகன். எழுந்தார். ஏழு எட்டு. "உக்காருங்க." ஐந்து ஆறு. "எழுந்திருங்க." ஏழு எட்டு.

"டேய், நான் என்ன ஸ்விட்சா?" என்றார் அத்தை. ஆனால் குரலில் வழக்கமான காரம் இல்லை.

என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்துவிட்டார். உடம்புச் சூட்டால் காற்று விரியும், விரிந்தால் அழுத்தம் மாறும் என்று சுவரிலேயே எழுதத் தொடங்கினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். பூசி இரண்டு வாரம்கூட ஆகாத சுவர் அது.

எனக்குக் காரணமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அத்தை உட்கார்ந்தால் பாஸ், எழுந்தால் ஃபெயில். அவ்வளவுதானே? "சார், வீட்ல ஆள் உக்காந்திருக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?" என்று கேட்டேன்.

புள்ளி யோசித்தார். "அப்படி விதி எதுவும் இல்ல."

"அப்போ ஆரம்பிங்க. அத்தை, அசையாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அத்தை அசையவில்லை. நாற்காலியில் முதுகை அழுத்திச் சாய்த்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். முதல் ரீடிங் நன்றாக வந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து, ஆறு. என் மனதுக்குள் அத்தையின் பெட்டி படுக்கையெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. ஏழு, எட்டு. அத்தையின் நெற்றி வியர்த்திருந்தது. முட்டி வலிக்கிறதோ என்று நினைத்தேன். ஒன்பது.

"நிறுத்துங்க" என்றார் அத்தை.

"அத்தை, இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல. முப்பத்திநாலு வருஷத்துல நான் ஒரு நாள்கூட மீட்டரை ஏமாத்தினது இல்ல. இப்பவும் மாட்டேன்."

எழுந்தார். எங்களில் யாரையும் உதவிக்கு வரவிடாமல், தன் கையாலேயே நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்துத் தள்ளினார்.

அங்கே, என் சுவரில், நான் இரண்டு வருஷம் கண்ணில் வைத்துக் காத்த என் சுவரில், டீ கப்பின் வாய் அளவுக்கு ஓர் ஓட்டை!

வெறும் ஓட்டையும் இல்லை. உள்ளே பாய்லர் அறைப் பழைய குழாய் ஒன்று, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. வாயில் பூச்சி வராமல் கம்பி வலை. குழாயைச் சுற்றி என்னுடைய டேப்பையே எடுத்து அத்தனை நேர்த்தியாக ஒட்டியிருந்தார். ஒரு சுருக்கம் கிடையாது. என் கையால் ஒட்டியதைவிட நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வெளிப்பக்கம் மிச்சப்பட்ட பலகைகளை நானே தெரியாமல் அடுக்கி வைத்து அதை மறைத்திருந்தேன். நாற்காலியில் சாய்ந்தால் முதுகுப்பக்கத்து மெத்தை சுவரில் அழுந்தி ஓட்டையை அடைக்கும். எழுந்தால் திறக்கும். இதைக் கண்டுபிடிக்காமல்தான் நான் ஏணியில் ஏறி இறங்கினேன்.

"என் சுவர்ல! என் ரம்பத்தை வெச்சே என் சுவர்ல!" என்று கத்தினேன். "ஏன் அத்தை? வர இஷ்டமில்லேன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஃபெயில் ஆக்கறதுக்கு இப்படியா பண்ணுவீங்க?"

"ஃபெயில் ஆகும்னு யாருக்குடி தெரியும்? இவ்ளோ பெரிய வீட்ல ஒரு டீ கப் அளவு ஓட்டை என்ன பண்ணிடப் போகுதுன்னு நினைச்சேன். இப்பதான், ரெண்டாவது தடவை எண் ஏறினப்போதான் எனக்கே உறைச்சுது."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

புள்ளி ஃபேனை அணைத்தார். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது.

"பாய்லர் ரூம்ல சுவத்துல ஒரு ஓட்டை இருக்கும். அதை எப்பவும் அடைக்கக் கூடாது. முதல் நாளே சொல்லிக் கொடுக்கறது அதைத்தான். ஒரு குளிர்காலம், என்கூட வேலை பாத்தவர், குளிர் தாங்கலேன்னு அதுல சாக்கைத் திணிச்சுட்டார். நான் ஷிஃப்டுக்குப் போனப்போ விஷவாயு ஏறிக் கீழ விழுந்து கிடந்தார். காலைப் பிடிச்சுத் தரதரன்னு படிக்கட்டு மேல இழுத்துட்டு வந்தேன். பொழைச்சார். ஆனா அதுக்கப்புறம் அவருக்குப் பெத்த பிள்ளைங்க பேரே மாறி மாறித்தான் வரும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அன்னைக்கு நீங்க என்னை இங்க தனியா விட்டுட்டுப் போனீங்களே, சுத்திப் பாத்தேன். சுவத்துல நாலு காத்து வாய் இருக்கு. நாலையும் வெள்ளை டேப் போட்டு அடைச்சு வெச்சிருந்தே. நாலையும்! இந்த ரெண்டு புத்திசாலிங்களும் நம்பர் வரணும்னு தங்களோட மூக்கைத் தாங்களே பொத்திக்கிட்டாங்கன்னு நினைச்சேன். எனக்கு இருக்கறது நீங்க ரெண்டு பேர்தான்டி."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதலில் அழுகை வந்தது. அப்புறம் விஷயம் புரிந்து சிரிப்புப் பீறிட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூச்சு முட்டியது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அத்தை, அது மரத்தூள் போகாம இருக்கறதுக்கு ஒட்டின டேப்! நான் பலகை அறுத்துட்டிருந்தேன், தூள் குழாய்க்குள்ள போயிடக் கூடாதுன்னு தற்காலிகமா ஒட்டினேன்! அறுத்து முடிச்சதும் எடுத்துட்டேன்!"

"இன்னைக்கு இவரும் அடைச்சாரே?"

"சோதனைக்கு மட்டும்மா" என்றார் புள்ளி. "முடிஞ்சதும் எடுத்துடணும். அதுவும் விதிதான்."

நான் துள்ளி எழுந்து நான்கு டேப்பையும் சரக் சரக்கென்று உரித்தேன். என் வீட்டுக்காரர் அந்த வாய்களோடு இணைந்த காற்று இயந்திரத்தைப் போட்டார். அது பூனை மாதிரி மெல்ல உறுமியது. ஒரு மெல்லிய காகிதத்தை அத்தையின் கையில் கொடுத்து, வட்ட வாய்க்கு எதிரே பிடிக்கச் சொன்னேன். காகிதம் படபடத்தது. இன்னொரு வாய்க்கு எதிரே பிடித்தார். அது காகிதத்தை இழுத்துத் தன்னோடு ஒட்டிக்கொண்டது.

"ராத்திரி பகல் எந்நேரமும் ஓடும்மா" என்று அவர் மகன் விளக்கினார். "கெட்ட காத்து இந்தப் பக்கம் போகும், நல்ல காத்து அந்தப் பக்கம் வரும். போற காத்து தன்கிட்ட இருக்கற சூட்டை வர்ற காத்துக்குக் கொடுத்துட்டுப் போயிடும். ரெண்டும் கலக்காது."

அத்தை காகிதத்தை நான்கு வாயிலும் இரண்டிரண்டு தடவை பிடித்துப் பார்த்தார். "அப்போ ஓட்டை வெச்சுத்தான் இருக்கீங்க" என்றார்.

"வெச்சுத்தான் இருக்கோம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ பத்து நிமிஷம் கத்துவே. இவன் பத்துப் பக்கம் கணக்குக் காட்டுவான். ஓட்டை போடறதுக்கு நாப்பது நிமிஷம்தான் ஆச்சு."

இனி இந்த ஓட்டையை எப்படி அடைப்பது, அதற்குச் சரியான மூடிக்கு எந்தக் கடைக்கு ஓடுவது என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்தபோது, அத்தை கறுப்புக் கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து மரையும் ரப்பர் வளையமும் உள்ள ஒரு பித்தளை மூடியை எடுத்தார். வாய் பிளந்து பார்த்தோம்.

"காத்து பலமா அடிச்சா மூடிக்க வேண்டாமா? எந்தக் குழாய்க்கும் மூடி இல்லாம நான் வேலை முடிச்சதே இல்ல" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினார். கடைசிச் சுற்றுக்கு என் கையிலிருந்து இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

புள்ளி வட்ட வாய்களை மறுபடி அடைத்து, ஃபேனைப் போட்டார். அத்தையை நடு ஹாலில், எந்தச் சுவரும் எட்டாத தூரத்தில் நிற்க வைத்தோம். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், திருடனைப் போலீஸ் சோதனை போடுகிறாற்போல. பத்து ரீடிங்கையும் மறுபடி விரல் விட்டு எண்ணினேன்.

"பூஜ்யம் புள்ளி ஐந்து ஐந்து" என்றார் புள்ளி. "உக்காந்ததைவிட மூடி நல்லா அடைக்குது. பாஸ்."

பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கோர்வையாக நினைவில்லை. அத்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றினேன். என் வீட்டுக்காரர் தானே வந்து "என்னையும் தூக்கு" என்று நின்றார். புள்ளி சிரித்தார். ஆமாம், சிரித்தார். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை, அதனால்தான் பத்து வருஷமாகச் சிரிக்கவில்லையோ என்னவோ. கம்ப்யூட்டரை மூடி, ஃபேனைக் கழற்றி எடுத்துக்கொண்டு, நான்கு டேப்பையும் மறக்காமல் உரித்துவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு பார்த்தால் அத்தை கைப்பையோடு வாசற்பக்கமாக நின்றுகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

"என்ன அத்தை, பாஸ் ஆயிடுச்சு. எப்போ பெட்டி கட்டலாம்?"

"சொன்ன வார்த்தை மாற மாட்டேன். வரேன்." சுற்றிலும் பார்த்தார். "ஆனா நல்லா யோசிச்சுப் பாருங்க. எல்லாத்தையும் மெஷினும் சுவரும் பாத்துக்குது. எண்பது வீட்டுக்குச் சூடு கொடுத்தவ நான். இங்க எனக்குன்னு பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பாரமா ஒரு ஓரத்துல உக்காந்திருப்பேன், அவ்ளோதான்."

எனக்குச் சுருக்கென்றது. பாய்லர் இல்லாத வீட்டில் என்ன வேலை என்று அவர் இரண்டு வருஷமாகச் சொன்னதை, பிடிவாதத்தில் சொல்வதாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான், ஜோக் புரியாத என் வீட்டுக்காரர், தன் பையைத் துழாவி ஒரு பழைய தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரத்தில் டீக்கறை.

"அம்மா, இது இந்த வீட்டோட முதல் கணக்கு. அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி போட்டது. மேல தேதி பாருங்க."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "வெயில், இவ்வளவு. அடுப்பு, விளக்கு, இவ்வளவு. ஆள் சூடு..." நிறுத்தினார். "ஆள் சூடு, மூணு பேர்னு போட்டிருக்கே. நீங்க ரெண்டு பேர்தானே?"

"மூணுதான். அப்பவே மூணுதான்."

"நான் வரேன்னே சொல்லலையே அப்போ."

"சொல்லல. ஆனா சுவரோட தடிமன், ஜன்னலோட அளவு எல்லாம் மூணு பேர் சூட்டை வெச்சுத்தான் முடிவு பண்ணினேன். ரெண்டு பேரை வெச்சுப் போட்டா ஜனவரியில கணக்கு உதைக்குதும்மா. நீங்க இல்லேன்னா இந்த வீட்ல குளிரும்."

அத்தை தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு ஆள் எவ்ளோ கொடுக்கும்?"

"சும்மா உக்காந்திருந்தா எண்பது வாட், நூறு வாட்."

"திட்டினா?"

"திட்டினா இன்னும் கொஞ்சம் கூட வரும்."

அத்தை தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார், கண்ணையும் சேர்த்து. பிறகு விறுவிறுவென்று போய், நான் உதவிக்கு வருவதற்குள், அந்தக் கனமான நாற்காலியைக் கிறீச்சிட இழுத்து ஹாலுக்கு நட்டநடுவில் போட்டார். நான் பளபளவென்று தேய்த்து வைத்திருந்த தரையில் இரண்டு கோடு விழுந்தது. நாளைக்குத் தேய்த்துக்கொள்ளலாம்.

"சுவத்தோரம் வெச்சா சூடு ஒரு பக்கம்தானே போகும்" என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையைத் தரையில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஒண்ணு. ஷிஃப்ட் ஆரம்பிச்சாச்சு. ரெண்டு பேரும் ஏன் நிக்கறீங்க, போய் என் பெட்டியை எடுத்துட்டு வாங்க."